விநோதக் கேள்விகளுக்கு விடை தேட எந்த வழி: நூலா, கூட்டமா, இயந்திரமா, நம் கையா?

வெயிலுக்குள் காலெடுத்து வைத்ததும் சிலருக்குத் தும்மல் வந்துவிடும். சளியும் இருக்காது, தூசியும் இருக்காது. ஏன் என்று கேட்டால் பக்கத்தில் இருப்பவர், "அப்படியெல்லாம் எங்காவது உண்டா?" என்பார். பாடத்தில் வராத, வேலைக்கு உதவாத, ஆனால் மனசில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மறுக்கிற இந்த மாதிரிக் கேள்விகள் எல்லோரிடமும் பத்து இருபதாவது இருக்கும். அவற்றை யாரிடமாவது கேட்டுவிட வேண்டும் என்ற தவிப்பும் பழையதுதான். 1691-ல் லண்டனில் ஜான் டன்டன் என்ற பதிப்பாளர், வாசகர்கள் பெயர் சொல்லாமல் எதை வேண்டுமானாலும் கேட்கலாம் என்று ஓர் இதழையே தொடங்கினார். பதில் சொல்வது ஒரு பெரிய அறிஞர் சங்கம் என்று சொல்லப்பட்டது. உண்மையில் டன்டனும் அவருக்கு நெருங்கிய இரண்டு மூன்று பேரும்தான் உட்கார்ந்து எழுதினார்கள்.

பதில் சொல்பவர் யார், அவரை எவ்வளவு நம்பலாம் என்ற சிக்கல் அப்போதே ஆரம்பித்துவிட்டது. இன்று நமக்கு நான்கு வழிகள் இருக்கின்றன. நூலைப் புரட்டலாம். முகம் தெரியாத பலரிடம் கேட்கலாம். சாட்பாட்டிடம் கேட்கலாம். இல்லாவிட்டால் நாமே செய்து பார்க்கலாம். மொத்தமாக எது சிறந்தது என்று கேட்டால் பதில் கிடையாது. ஆனால் கேள்வி எந்த ரகம் என்று தெரிந்தால் எந்த வழி என்பதைத் தயங்காமல் சொல்லிவிடலாம்.

நூல்

தும்மல் கேள்விக்கு மருத்துவ நூல்கள் நல்ல பதில் வைத்திருக்கின்றன. இதற்கு ஒளித் தும்மல் அனிச்சை என்று பெயர். ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை இது உண்டு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பரம்பரையாக வருகிறது, பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் சமிக்ஞை, மூக்கின் உணர்வைச் சுமக்கும் முப்பிரிவு நரம்பையும் சேர்த்துக் கிளறிவிடுகிறது என்பது பரவலான கருத்து. ஆனால் அது இன்னும் உறுதியாகவில்லை. எனக்கு நூலில் மிகவும் பிடித்த குணமே இதுதான். எதுவரை தெரியும், எங்கே அறிவு நிற்கிறது என்று கோடு போட்டுக் காட்டிவிடும்.

நூலும் தவறும் என்பதையும் சொல்ல வேண்டும். 1934-ல் வெளிவந்த வெப்ஸ்டர் பேரகராதியில் 'டார்டு' என்று ஒரு சொல், 'அடர்த்தி' என்ற பொருளோடு இருந்தது. அப்படி ஒரு சொல்லே ஆங்கிலத்தில் கிடையாது. பெரிய 'டி'யோ சிறிய 'டி'யோ அடர்த்திக்குக் குறியீடாக வரும் என்பதற்காக அகராதியின் வேதியியல் பதிப்பாசிரியர் 'டி ஆர் டி' (D or d, அதாவது 'டி அல்லது டி') என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார். யாரோ அதை ஒரே சொல்லாக அடுக்கிவிட்டார்கள். ஐந்து ஆண்டுகள் கழித்து, 1939-ல்தான் ஓர் அகராதிப் பதிப்பாசிரியர் கண்ணில் பட்டது. இதில் கவனிக்க வேண்டியது, பிழையை அந்தச் சீட்டு வரை தேடிப் போய்ப் பிடிக்க முடிந்தது என்பது. கூட்டத்திடமும் இயந்திரத்திடமும் அந்தச் சீட்டு பெரும்பாலும் கிடைக்காது.

விக்கிப்பீடியாவை நம்பலாமா என்று இன்னும் கேட்கிறார்கள். 2005-ல் 'நேச்சர்' இதழ் 42 அறிவியல் கட்டுரைகளை எடுத்து, பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தோடு ஒப்பிட்டு நிபுணர்களிடம் திருத்தக் கொடுத்தது. கட்டுரைக்குச் சராசரியாக விக்கிப்பீடியாவில் நான்கு பிழை, பிரிட்டானிக்காவில் மூன்று. பிரிட்டானிக்கா அந்த ஆய்வை ஏற்கவில்லை. என் கணக்கில் இரண்டுமே தொடங்குவதற்கு நல்ல இடம். கட்டுரையின் அடியில் இருக்கும் சான்றுகளைத் திறந்து பார்க்கும் பழக்கம் இருந்தால் எதை எடுத்தாலும் தப்பித்துவிடலாம்.

கூட்டம்

நூலால் சொல்லவே முடியாத ஒரு ரகக் கேள்வி இருக்கிறது. "எனக்கு மட்டும்தான் இப்படியா?" என்ற கேள்வி.

தெளிந்த நீல வானத்தை, சூரியன் இல்லாத பக்கமாக, எதையும் குறிவைக்காமல் பார்த்துக்கொண்டிருங்கள். கொஞ்ச நேரத்தில் மிகச் சிறிய வெளிச்சப் புள்ளிகள் வளைந்து நெளிந்து ஓடும். ஒவ்வொன்றும் தோன்றி ஒரு நொடிக்குள் மறைந்துவிடும். நாடித் துடிப்போடு சேர்ந்து அவற்றின் வேகம் கூடிக் குறைவதைக்கூடப் பார்க்கலாம். விழித்திரையின் நுண்குழாய்களில் ஓடும் வெள்ளையணுக்கள் அவை. சிவப்பணுக்கள் நீல ஒளியை உறிஞ்சிக்கொள்கின்றன. வெள்ளையணு அதை விட்டுவிடுகிறது. அது கடந்துபோகும் இடம் பளிச்சென்று தெரிகிறது. இதைச் சின்ன வயதிலிருந்து பார்த்துக்கொண்டே, தனக்கு ஏதோ கோளாறு என்று வெளியே சொல்லாமல் இருப்பவர்கள் உண்டு. என்ன பெயரில் தேடுவது என்று தெரியாதவருக்கு அகராதி உதவாது. "எனக்கும் தெரியும்" என்று இன்னொருவர் சொல்வதுதான் உதவும்.

இந்த 'எனக்கும்' சில சமயம் அறிவியலையே நகர்த்தியிருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு குதிரையை நினைக்கச் சொன்னால் பலருக்கு மனக்கண்ணில் குதிரை வரும். சிலருக்கு ஒன்றுமே வராது. குதிரை என்றால் என்ன என்று தெரியும், படம் மட்டும் இல்லை. 1880-லேயே ஆங்கில அறிவியலாளர் பிரான்சிஸ் கால்டன் கேள்வித்தாள் அனுப்பி இந்த வேறுபாட்டைப் பதிவுசெய்தார். அதன்பின் வெகுகாலம் பெரிதாக யாரும் பின்தொடரவில்லை. 2010-ல் ஆடம் ஸீமன் என்ற நரம்பியல் மருத்துவரும் உடன் ஆய்வாளர்களும், ஒரு சிகிச்சைக்குப் பிறகு மனக்காட்சியை இழந்த ஒருவரைப் பற்றி எழுதினார்கள். அது ஒரு பத்திரிகையில் வந்ததும், "நான் பிறந்ததிலிருந்தே இப்படித்தான்" என்று சிலர் தாமாகவே எழுதினார்கள். அப்படி வந்த 21 பேரை வைத்துத்தான் 2015-ல் அஃபான்டேசியா என்ற பெயரோடு ஆய்வுக் குறிப்பு வெளிவந்தது. மற்றவர்கள் 'மனக்கண்' என்று சொல்வதைப் பேச்சு அலங்காரம் என்றே நினைத்து வாழ்ந்தவர்கள் அவர்கள். எந்த ஆய்வகமும் வீடு வீடாகப் போய் இவர்களைக் கண்டுபிடித்திருக்க முடியாது. கூட்டத்தின் மதிப்பு இங்கே ஈடு இணையில்லாதது என்பேன்.

மதிப்பீடு கேட்பதற்கும் கூட்டம் நல்லது. அதே கால்டன் 1907-ல் எழுதிய இன்னொரு கட்டுரையில், ஒரு கண்காட்சியில் வெட்டப்படவிருந்த எருதின் இறைச்சி எடையை ஊகித்த 787 சீட்டுகளை ஆராய்ந்தார். நடுவில் விழுந்த ஊகம் 1207 பவுண்டு, உண்மையான எடை 1198. ஆனால் அந்த 787 பேரும் தனித்தனியாக எழுதிப் போட்டவர்கள். முதல் ஆள் சொன்னதைப் பார்த்துவிட்டு அடுத்தவர் சொல்ல ஆரம்பித்தால் அந்த நன்மை போய்விடும்.

சரி, கூட்டம் எங்கே வழுக்கும்? உள்ளுணர்வுக்கு எதிரான கணக்குகளில். ஒரு பரிசுப் போட்டி: மூன்று கதவுகள், ஒன்றின் பின்னால் கார், மற்ற இரண்டின் பின்னால் ஆடு. நீங்கள் ஒன்றைத் தேர்ந்தெடுத்ததும், கார் எங்கே என்று தெரிந்த போட்டி நடத்துபவர் மீதி இரண்டில் ஆடு இருக்கும் ஒன்றைத் திறந்து காட்டி, மாற்றிக்கொள்கிறீர்களா என்கிறார். மாற்றினால் ஜெயிக்கும் வாய்ப்பு மூன்றில் இரண்டு என்று 1990-ல் அமெரிக்க எழுத்தாளர் மரிலின் வோஸ் சாவந்த் தன் பத்திரிகைப் பத்தியில் எழுதினார். சுமார் பத்தாயிரம் கடிதங்கள் வந்தன, பெரும்பாலும் அவர் தவறு என்று. ஏறக்குறைய ஆயிரம் கடிதங்கள் முனைவர் பட்டம் பெற்றவர்கள் எழுதியவை. சரியாகச் சொன்னது அவர்தான்.

இயந்திரம்

சாட்பாட்டின் பலம் ஒன்றே ஒன்று, ஆனால் பெரிய பலம். அரைகுறையாகச் சொன்னாலும் புரிந்துகொள்ளும். "நீல வானத்தில் ஓடுகிற குட்டிப் புள்ளி, பூச்சி மாதிரி மிதப்பது இல்லை, வேகமாக ஓடுவது" என்று தட்டினால், கண்ணில் மிதக்கும் நிழல்களையும் இந்த வெள்ளையணுப் புள்ளிகளையும் பிரித்து, இரண்டுக்கும் என்ன பெயர் என்று எடுத்துக்கொடுக்க நிறைய வாய்ப்பு உண்டு. அந்தப் பெயரை வாங்கிக்கொண்டு நூலுக்குப் போவதுதான் சரியான பயன்பாடு.

அங்கேயே நின்றுவிடுவது ஆபத்து. தெரிந்ததையும் தெரியாததையும் அது ஒரே குரலில், ஒரே சரளத்தில் சொல்லும். 2023-ல் நியூயார்க்கில் இரண்டு வழக்கறிஞர்கள் சாட்பாட் கற்பனையாக உருவாக்கிய முன்தீர்ப்புகளை நீதிமன்றத்தில் தாக்கல்செய்துவிட்டு 5,000 டாலர் அபராதம் கட்ட நேர்ந்தது. வழக்கின் பெயர், எண், மேற்கோள் எல்லாம் அச்சு அசலாக இருந்தன. விநோதக் கேள்விகளில் இந்த ஆபத்து இன்னும் கூடுதல். ஏனென்றால் அதிகம் எழுதப்படாத விஷயம் என்பதால்தானே கேட்கவே வருகிறோம்.

நம் கை

நான்கில் மிகக் குறைவாகப் பயன்படுவது இதுதான், நான் முதலில் பரிந்துரைப்பதும் இதுதான்.

கதவுக் கணக்கையே எடுங்கள். பத்தாயிரம் கடிதங்கள் தீர்க்காததை மூன்று சீட்டும் ஒரு நண்பரும் அரை மணி நேரத்தில் தீர்ப்பார்கள். ஓர் ஏஸ், இரண்டு சாதாரணச் சீட்டு. முப்பது தடவை மாற்றாமல் ஆடுங்கள், முப்பது தடவை மாற்றி ஆடுங்கள், வெற்றிகளைக் குறித்துவையுங்கள். வித்தியாசம் கண்ணில் அறையும். பால் எர்டிஷ் போன்ற மாபெரும் கணித மேதையே இந்த விடையை முதலில் ஏற்கவில்லை; கணினியில் ஆடிக் காட்டிய பிறகுதான் இறங்கிவந்தார்.

உதயமாகும் நிலா ஏன் பெரிதாக இருக்கிறது என்பதும் இந்த ரகம். காகிதத்தை மெல்லிய குழலாகச் சுருட்டி, நிலா மட்டும் தெரியும்படி ஒற்றைக் கண்ணால் பாருங்கள். சட்டென்று சுருங்கிவிடும். குழலை எடுத்தால் மறுபடி பெரிதாகும். கையை நீட்டிச் சுண்டுவிரலால் மறைத்துப் பாருங்கள். அடிவானத்திலும் உச்சியிலும் அதே விரல் தாராளமாக மறைத்துவிடும், ஏனென்றால் விரலின் அகலம் சுமார் ஒரு பாகை, நிலா அரைப் பாகை. சொல்லப்போனால் அடிவானத்து நிலா நம்மிடமிருந்து பூமியின் ஆரம் அளவுக்குக் கூடுதல் தூரத்தில் இருக்கிறது, அதனால் இம்மியளவு சிறியதுகூட. பெரிதாகக் காட்டுவது மூளை. எப்படிக் காட்டுகிறது என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் ஒருமித்த முடிவு இல்லை.

தும்மலையும் கையால் சோதித்த ஒருவர் இருக்கிறார். சூரியனின் வெப்பம்தான் தும்ம வைக்கிறது என்று அரிஸ்டாட்டில் பெயரில் வழங்கும் பழைய நூல் சொன்னது. பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கிலத் தத்துவ அறிஞர் பிரான்சிஸ் பேகன் கண்ணை மூடிக்கொண்டு வெயிலில் போய் நின்றால் என்ன ஆகும் என்று பார்த்தார். வெப்பம் அப்படியே இருந்தது, தும்மல் வரவில்லை. ஆக, வழி கண் வழியாக. அடுத்து அவர் சொன்ன காரணம், கண்ணீர் மூக்குக்குள் கசிகிறது என்பது. அது நிற்கவில்லை. எது இல்லை என்பதைச் சோதனை உடனே காட்டிவிடும்; ஏன் என்பதற்கு அது மட்டும் போதாது.

சோதனையும் ஏமாற்றும். வடக்கு அரைக்கோளத்தில் தொட்டித் தண்ணீர் இடஞ்சுழியாகவும் தெற்கில் வலஞ்சுழியாகவும் வடியும் என்பார்கள். குளியலறைத் தொட்டியில் பார்த்துவிட்டு "ஆமாம், சரிதான்" என்பவர் பலர். அங்கே சுழற்சியை முடிவுசெய்வது தொட்டியின் வடிவமும் தண்ணீர் ஊற்றிய விதமும்தான். பூமியின் சுழற்சியைத் தண்ணீரில் பார்க்க அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆஷர் ஷாப்பிரோ எவ்வளவு மெனக்கெட்டார் என்று பாருங்கள். சுமார் 1.8 மீட்டர் அகலமும் 15 சென்டிமீட்டர் ஆழமும் உள்ள வட்டத் தொட்டி, நடுவில் குட்டித் துளை. தண்ணீரை 24 மணி நேரம் அசையாமல் விட்டார். பிறகு திறந்தால் முதல் 12, 15 நிமிடம் ஒன்றுமே தெரியவில்லை. அப்புறம்தான் மேலே மிதந்த மரத்துண்டு மெல்ல இடஞ்சுழியாகத் திரும்பியது. 1962-ல் அவர் இதை எழுத, 1965-ல் சிட்னியில் இன்னொரு குழு செய்துபார்த்தபோது வலஞ்சுழி வந்தது. ஆக, கதை உண்மை, குளியலறைச் சான்று பொய். நாம் நினைத்தது தவறாக இருந்தால் இந்தச் சோதனை அதைக் காட்டிக்கொடுக்குமா என்று கேட்காமல் வீட்டுச் சோதனையில் இறங்கக் கூடாது.

உடம்பு சம்பந்தப்பட்டது மட்டும் தனி. கண்ணில் திடீரென்று நிழல்கள் அதிகமாகி மின்னலும் தெரிந்தால், நான்கு வழியையும் விட்டுவிட்டுக் கண் மருத்துவரிடம் உடனே போக வேண்டும்.

நான்கையும் ஒரே கேள்வியில் நிறுத்திப் பார்க்க விரும்பினால் ரோமானியப் பன்னிரு முகக் கூடுகளைக் கேளுங்கள். ஐங்கோண முகங்கள், முகத்துக்கு ஒரு துளை, மூலைக்கு ஒரு குமிழ், வெண்கல வார்ப்பு. ஐரோப்பாவின் வடமேற்கில் நூற்றுக்கு மேல் கிடைத்திருக்கின்றன. எதற்காகச் செய்தார்கள் என்று அக்கால ஏடு எதிலும் ஒரு வரி இல்லை. நூல் "தெரியாது" என்று சொல்லிவிடும். கூட்டம் மெழுகுவத்தித் தாங்கி, அளவுகருவி, கையுறை பின்னும் சட்டம் என்று அடுக்கும். சாட்பாட் அந்தப் பட்டியலை அழகாகத் திருப்பிச் சொல்லும். அதோடு நிற்கிறதா, ஒன்றைத் தூக்கிப் பிடித்து முடிவு சொல்கிறதா என்பதில் அதன் நேர்மை தெரிந்துவிடும். கையால் செய்தவர்களும் இருக்கிறார்கள்: மாதிரி ஒன்றை முப்பரிமாணத்தில் அச்சிட்டு, அதில் பின்னல் நூலைச் சுற்றி, கையுறை விரல்களைப் பின்னியே காட்டியிருக்கிறார்கள். பின்ன முடியும் என்பது அதில் நிரூபணமாகிவிட்டது. ரோமானியர்கள் அதற்குத்தான் வைத்திருந்தார்கள் என்பது ஆகவில்லை; அந்தக் காலத்தில் அவர்கள் அப்படிப் பின்னினார்கள் என்பதற்கே சான்று கிடைத்தபாடில்லை.