டியூப் பெட்டியா, டிஎல்பியா, பழைய எல்இடியா?

ராயபுரம், வண்ணாரப்பேட்டைப் பக்கம் வீடு காலி செய்பவர்களிடம் 50 அங்குல ரியர் புரொஜெக்‌ஷன் டிவி அடிமாட்டு விலைக்கே கிடைத்தாலும் உடனே முன்பணம் கொடுக்காதீர்கள். பெட்டிக்குள்ளிருந்து திரையின் பின்பக்கத்தில் படத்தை வீசிக் காட்டும் டிவி இது. அந்தப் படத்துக்கு உள்ளே இருப்பது டியூபா, லேம்பா என்று முதலில் கேளுங்கள்.

டியூப் வகை என்றால் இரண்டடி ஆழம், கிட்டத்தட்ட 90 கிலோ. உங்கள் மாடிப்படித் திருப்பத்தை அளந்துவிட்டுத்தான் விலையே பேச வேண்டும். உள்ளே சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று 7 அங்குல டியூப். ஆன் செய்து அரைமணி நேரம் சூடாக விட்டு, திரையில் வெள்ளை எழுத்தைப் பாருங்கள். எழுத்தின் ஓரத்தில் சிவப்பும் நீலமும் பிரிந்து நின்று, மெனுவில் கன்வெர்ஜென்ஸை, அதாவது மூன்று நிறமும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்துவதை, திருத்தியும் சேரவில்லை என்றால், பெரும்பாலும் அந்த வேலையைச் செய்யும் எஸ்டிகே 392 வரிசை ஐசி போயிருக்கும். மாற்றலாம். ஆனால் பக்கத்திலுள்ள சின்ன ரெசிஸ்டர்களை மீட்டரில் அளக்காமல் ஐசியை மட்டும் மாற்றினால் புதுசும் எரிந்துவிடும்.

அடுத்தது கூலன்ட். டியூபுக்கும் லென்ஸுக்கும் நடுவில் நிற்கும் இந்தத் திரவம் கலங்கிப்போனால், கறுப்புப் பின்னணியில் வரும் வெள்ளை எழுத்தைச் சுற்றிப் புகை மாதிரி படரும். கலங்கல் மட்டும் என்றால் மாற்றிக்கொள்ளலாம், போர்டு மேல் ஒழுகியிருந்தால் வேண்டவே வேண்டாம். சேனல் லோகோ தழும்பாகப் பதிந்த டியூபும் அப்படித்தான்.

டிஎல்பி என்பது லேம்ப் வெளிச்சத்தை நுண்கண்ணாடிகள் நிறைந்த சிப்பில் பட வைத்துத் திரைக்கு அனுப்பும் வகை. இலகு, இரண்டு பேர் தூக்கிவிடலாம். லேம்ப் சில ஆயிரம் மணி நேரத்தில் தீரும் பொருள், அதன் விலையையும் கூட்டித்தான் கணக்குப் போட வேண்டும். பயப்பட வேண்டியது வெள்ளைப் புள்ளிக்கு. சிப்பிலுள்ள நுண்கண்ணாடிகள் அசையாமல் மாட்டிக்கொள்வதால் வருவது அது. இருட்டுக் காட்சியில் நான்கைந்து தெரிந்தாலே மேலும் பெருகும், சிப்பைத்தான் மாற்ற வேண்டும். கீச்சென்று சத்தம் வந்தால், வெளிச்சத்துக்கு நிறம் கொடுக்கச் சுழலும் கலர் வீலின் பேரிங் போயிருக்கும். கடைசியாகத் தயாரித்த மிட்சுபிஷியும் 2012-இல் நிறுத்திவிட்டதால் உதிரிபாகம் தேடி அலைய வேண்டியிருக்கும். சிப்புக்குப் பதில் எல்சிடி பேனல் வைத்த புரொஜெக்‌ஷனில் மஞ்சள் திட்டு தெரிந்தால் அதோடு விட்டுவிடுங்கள்.

காசிமேடு மாதிரிக் கடலோர வீட்டுப் பெட்டி என்றால் பின்மூடி ஸ்க்ரூவைப் பாருங்கள். அது துருப்பிடித்திருந்தால் உள்ளே கனெக்டர்களையும் உப்புக்காற்று தொட்டிருக்கும்.

இந்தப் பெட்டிகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு குறை: படம் நேர்மட்டத்தில்தான் பளிச்சென்று இருக்கும். கட்டிலில் உட்கார்ந்தவருக்குத் தெளிவாகத் தெரியும். தரையில் படுத்துப் பார்க்கும் பிள்ளைக்கு மங்கும். ஒரே அறையில் வீடே கூடிப் பார்க்கிற குடும்பத்துக்கு இது பெரிய இடைஞ்சல்.

பழைய 43 அங்குல எல்இடி பத்துக் கிலோதான். 200 வாட் புரொஜெக்‌ஷன் பெட்டியைத் தினம் 5 மணி நேரம் ஓட்டினால் இரண்டு மாத பில்லில் 60 யூனிட். 80 வாட் எல்இடிக்கு 24. சத்தம் வந்து படம் வராவிட்டால் திரையில் டார்ச் அடியுங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் போனது திரைக்குப் பின்னால் வெளிச்சம் தரும் பேக்லைட் ஸ்ட்ரிப்தான், மாற்றிவிடலாம். நெட்டுக்கோடு விழுந்தால் வாங்காதீர்கள். எங்கள் ஓட்டு எல்இடிக்குத்தான். புள்ளி இல்லாத, லேம்ப் புதிதாகப் போட்ட டிஎல்பி அதில் பாதி விலைக்கு வந்தால் மட்டும் யோசிக்கலாம்.

டியூப் பெட்டிதான் வேண்டும் என்றால் குட்டி யானையில் நிமிர்த்தியே ஏற்றுங்கள். உள்ளிருக்கும் பெரிய கண்ணாடியைத் துணியால் துடைக்காதீர்கள். அதன் பூச்சு முன்பக்கத்தில் இருப்பதால் தேய்த்தாலே கீறிவிடும்.