டூடாவின் ரசிகையும் லிச்செஸ் ஆப்பும்

சேலம் சிவதாபுரத்தில் வெள்ளிக் கொலுசு வேலை எனக்கு. எட்டாவது படிக்கும் என் மகளிடம் பிடித்த செஸ் ஆட்டக்காரர் யாரென்று கேட்டால் ஆனந்த், குகேஷ் என்று சொல்லமாட்டாள். போலந்துக்காரர் யான் கிஷிஷ்டோஃப் டூடா என்பாள்.

நீண்ட நேர (கிளாசிக்கல்) ஆட்டங்களில் தொடர்ந்து 125 ஆட்டங்கள் தோற்காமல் இருந்த அப்போதைய உலக சாம்பியன், நார்வேக்காரர் கார்ல்சனை 2020 அக்டோபரில் நார்வேயில் வைத்தே வீழ்த்தியவர் அவர். அந்த வீடியோ எப்படியோ இவள் கண்ணில் பட்டுவிட்டது. அடுத்த வருடம் சோச்சி உலகக் கோப்பை அரையிறுதியிலும் கார்ல்சனை வென்றார், கோப்பையும் அவருக்கே. கிராக்கோவில் பிறந்தவருக்கு சேலத்தில் ஒரு ரசிகை கிடைத்தது இப்படித்தான்.

சரி, அவர் ஆட்டங்களை எங்கே பார்ப்பது? முதலில் வைத்திருந்த ஒரு ஆப் நாலு புதிர் போட்டதும் பணம் கேட்டது, நடுநடுவே விளம்பரம் வேறு. செஸ் சார் சொல்லித்தான் லிச்செஸுக்கு மாறினோம். இரண்டு வருடமாகிறது, இதுவரை ஒரு ரூபாய் கேட்டதில்லை. புதிர் எத்தனை வேண்டுமானாலும் போடலாம். திபோ டுப்லெஸி என்ற பிரெஞ்சுக்காரர் 2010-இல் தொடங்கியது, நன்கொடையில்தான் ஓடுகிறது. போன தீபாவளிக்கு என்னால் முடிந்ததை நானும் அனுப்பினேன்.

எங்களுக்கு அதிகம் உதவுவது 'ஸ்டடி'. ஒரு ஆட்டத்தின் நகர்வுகளை அப்படியே ஒட்டினால் பலகையில் ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்க்கலாம், பக்கத்தில் தமிழிலேயே குறிப்பும் எழுதலாம். அந்த நார்வே ஆட்டத்தில் என் மகள், "இங்கே ஏன் குதிரையை நகர்த்தவில்லை?" என்று எழுதி வைத்திருக்கிறாள். பதில் இன்னும் எழுதவில்லை. கம்ப்யூட்டர் கணிப்பைக் கேட்டால் நல்ல நகர்வு எது என்பதை நொடியில் காட்டிவிடும், யார் கை ஓங்கியிருக்கிறது என்று ஓரத்தில் ஒரு கோடும் ஏறி இறங்கும், ஆனால் அதை அணைத்தே வைத்திருக்கிறாள். "ஏன் கண்ணு?" என்றேன். "அந்தக் கோடு ஏறுதா இறங்குதான்னே பாத்துட்டு இருப்பேன்பா, காயைப் பாக்க மாட்டேன்" என்றாள். பிள்ளைகளுக்கு இதைப் போட்டுத் தரும் பெற்றோர் முதலில் அதைத்தான் அணைக்க வேண்டும்.

நேரலையும் உண்டு. போலந்து, நார்வே நேரப்படி மதியம் மூன்று மணிக்கு ஆரம்பித்தால் இங்கே சாயங்காலம் ஆறரை, குளிர்காலத்தில் ஏழரை. பட்டறையில் ஊதுகுழாயை வைத்துவிட்டு நான் கை கழுவும் நேரம். போனை எவர்சில்வர் டம்ளரில் சாய்த்து, கீழே மரப்பலகையை விரிப்பாள். கறுப்புச் சிப்பாய் ஒன்று தொலைந்துபோய் ரொம்ப நாளாகிறது, அந்த இடத்தில் என் பட்டறையின் சலங்கை முத்து நிற்கிறது. நகர்வு வர வர நான் வாசிக்கிறேன், அவள் காய்களை நகர்த்துகிறாள். முத்தை நகர்த்தும்போது மட்டும் லேசாகச் சத்தம் வரும்.