அடுக்களைத் தரை: நாமே பதிப்பதா, காண்டிராக்டரிடம் விடுவதா?

எங்கள் வீடு மார்த்தாண்டம் பக்கம், வயலை நிரப்பிக் கட்டியது. அடுக்களையின் பழைய சிவப்புச் சிமென்ட் தரை வெடித்துப் பெயர்ந்ததும், நானே டைல்ஸ் பதித்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். நாகர்கோவிலில் அண்ணன் அப்படித்தான் செய்திருந்தார்.

அவர் வீட்டுத் தரை கெட்டியானது; சுத்தியல் காம்பால் தட்டினால் எங்கும் பொள்ளல் சத்தம் கேட்கவில்லை. அதனால் உடைக்காமல் அதன் மேலேயே ஒட்டினார். 80 சதுர அடிக்கு 2க்கு 2 அளவில் 20 டைல்ஸ் போதும். வெட்டில் வீணாவதையும் சேர்த்து நான்கு டைல்ஸ் கொண்ட ஆறு பெட்டிகள் வாங்கினார். கூலி முழுவதும் மிச்சம். ஆனால் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் போயின. அதுவரை அண்ணி திண்ணையில்தான் சமைத்தார். தரை அரை அங்குலம் உயர்ந்ததால் கதவின் அடியை இழைக்க வேண்டியிருந்தது.

என் வீட்டில் பாலித்தீன் தாள் ஒன்றைத் தரையில் விரித்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டி வைத்தேன். மறுநாள் தாளின் அடியில் நீர் முத்துமுத்தாகக் கோத்திருந்தது. இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. அடியிலிருந்து ஈரம் ஏறும் தரைமேல் எதை ஒட்டினாலும் நிற்காது. பழையதை உடைத்து, மண்ணை இறுக்கி, ஈரத்தடுப்புத் தாள் விரித்து, கான்கிரீட் போட்டு, ஒரு வாரமாவது நனைத்து வைத்த பிறகே டைல்ஸ். தண்ணீர் தேங்காமல் வாட்டம் பிடிப்பதற்கும் பழகிய கை வேண்டும். காண்டிராக்டரிடமே விட்டேன்.

விட்டாலும் அருகில் நின்று பார்க்கத்தான் வேண்டும். விட்ரிஃபைடு டைல், அதாவது கண்ணாடிபோல் இறுகும்படி சுட்ட டைல், அரை சதவீதத்துக்கும் குறைவாகவே நீர் உறிஞ்சும். வெறும் சிமென்ட் அதில் சரியாகப் பிடிக்காது. டைல் பசையைப் பல்கரண்டியால் (விளிம்பில் பல் வெட்டிய கரண்டி) முழுப்பரப்பிலும் இழுக்க வேண்டும். வந்த கொத்தனார் அவசரத்தில் நான்கு மூலையிலும் நடுவிலும் மட்டும் உருண்டை வைத்தார். அப்படி வைத்தால் இடையில் வெற்றிடம் நிற்கும். ஒரு தேங்காய் விழுந்தாலே டைல் உடையும். மூன்று டைல்ஸைப் பெயர்த்து மறுபடி ஒட்டச் சொன்னேன். அண்ணன் பதித்ததில் இந்தக் குறை ஒன்றுகூட இல்லை.

மீன் நறுக்கும் இடம் என்பதால் இரண்டு வீட்டிலும் வழுவழுப்பில்லாத டைல்தான் போட்டோம். கடைசித் தவணையை, எல்லா டைல்ஸையும் தட்டிப் பார்த்த பிறகே கொடுத்தேன்.