பிரிண்ட் போடுவதா, டீபக்கரில் நிறுத்துவதா?

நிரலில் பிழை தேடுவதில் இரண்டு கட்சி உண்டு. நடுநடுவே மதிப்புகளைத் திரையில் காட்டச் சொல்லிப் பிரிண்ட் போடுகிறவர்கள், ஓடும் நிரலை நடுவில் நிறுத்திப் பார்க்கும் கருவியான டீபக்கர் திறக்கிறவர்கள். நான் பல வருடமாக முதல் கட்சி. கடலூர் முதுநகரில் ஒரு மீன் வியாபாரிக்குப் பைத்தான் மொழியில் பில் போடும் நிரல் எழுதிக் கொடுத்தபோதுதான் அந்த விசுவாசம் ஆட்டம் கண்டது.

இரண்டு வஞ்சிரம், ஒன்று 1.1 கிலோ, இன்னொன்று 2.2. மொத்தம் 3.3 என்று தட்டினால் 'எடை பொருந்தவில்லை' என்று நிரல் அடம்பிடிக்கும், மற்ற மீன்களுக்கெல்லாம் பெரும்பாலும் ஒழுங்காக வரும். வழக்கம்போலக் கூட்டும் இடத்தில் ஒன்று, ஒப்பிடும் இடத்தில் ஒன்று என்று பிரிண்டைத் தூவினேன், எல்லாவற்றிலும் 3.30, 3.30 என்றே வந்தது, ஒரு சாயங்காலம் முழுக்க அதையே வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் சலித்துப்போய், டீபக்கர் நிற்க வேண்டிய வரியில் பிரேக்பாயிண்ட் என்ற அடையாளம் வைத்து நிறுத்திப் பார்த்தால் 3.3000000000000003! (பைத்தான் 3.7 முதல் பிரேக்பாயிண்ட் வைக்க எதையும் இம்போர்ட் செய்ய வேண்டாம், ஒரே ஒரு வரி போதும்.) 1.1, 2.2 போன்ற தசமங்கள் கணினி பயன்படுத்தும் இரும எண்ணில் துல்லியமாக அடங்காது. அந்த வால் என் கண்ணில் படாமல் போனதற்குக் காரணம், இரண்டு தசமம் போதும் என்று பிரிண்டில் நானே வெட்டி வைத்ததுதான். பிரிண்ட் மேல் தப்பில்லை, ஆனால் அதில் நாம் முன்கூட்டியே கேட்டது மட்டும்தான் வரும். டீபக்கரில் நின்ற இடத்திலிருந்தே தோன்றியதையெல்லாம் கேட்கலாம், இந்த ஃபங்ஷனைக் கூப்பிட்டது யார் என்று மேலே ஏறியும் பார்க்கலாம். எடையைக் கிராமில் முழு எண்ணாக மாற்றினேன், தீர்ந்தது.

சரி, அப்போ டீபக்கரே கதியா? அதுவும் இல்லை. அதே நிரலில் ஒரே சமயத்தில் ஓடும் இரண்டு திரெட், அதாவது இரண்டு வேலை இழைகள்: தராசை வாசிக்க ஒரு திரெட், பில்லைச் சேமிக்க இன்னொரு திரெட். ஏலம் சூடுபிடித்து எடை மளமளவென்று வரும்போது ஒரு கூடை காணாமல் போகும். பிரேக்பாயிண்டில் நிறுத்தினால் பிழையே வராது, ஏனென்றால் ஒரு திரெட் நிற்க மற்றது நிதானமாக வேலையை முடித்துவிடுகிறது. நாம் உற்றுப் பார்த்தாலே மறைந்துகொள்ளும் இந்த ரகத்துக்கு ஹைசன்பக் என்றே பெயர். நடப்பதையெல்லாம் மில்லி விநாடியோடு வரி வரியாகக் குறித்துவைத்த லாக்தான் அங்கே கைகொடுத்தது. தவிர, விடியற்காலைத் துறைமுகத்தில் ஓடுகிற நிரலை வீட்டிலிருந்து நிறுத்தியா வைக்க முடியும்?

லாக்கிலும் ஒரு வம்பு இருக்கிறது. பிரிண்டைக் கோப்புக்குத் திருப்பிவிட்டால் வரிகள் உடனே எழுதப்படாமல் பஃபர் என்ற தற்காலிக நினைவிடத்தில் சேரும், யாராவது நிரலைப் பாதியில் கில் செய்து நிறுத்தினால் நமக்கு வேண்டிய கடைசி வரிகளே போய்விடும். ஒவ்வொரு வரியையும் உடனே ஃபிளஷ் செய்ய, அதாவது கோப்புக்குத் தள்ளிவிட, சொல்லிவிடுங்கள்.

'நேற்று ஓடியதே' என்கிற வகைப் பிழைக்கு இரண்டும் வேண்டாம், நிரலின் பழைய பதிப்புகளைப் பாதி பாதியாகப் பிரித்துச் சோதித்துப் பிழை நுழைந்த இடத்தைக் காட்டும் கிட் பைசெக்ட் போதும். 1000 கமிட் (சேமித்த மாற்றம்) இருந்தாலும் சுமார் 10 சோதனையில் பிடித்துவிடும்.

வேகத்துக்கு மட்டும் நான் பிரிண்டை நம்புவதே இல்லை. பில் வர நேரமாகிறது என்றார்கள், பில் அச்சடிக்கும் பிரிண்டர்தான் இழுக்கிறது என்று சத்தியமே செய்திருப்பேன். எந்தப் பகுதிக்கு எவ்வளவு நேரம் போகிறது என்று அளக்கும் புரொஃபைலரை ஓட்டினால், ஒவ்வொரு மீனுக்கும் விலைப்பட்டியல் கோப்பை முதலிலிருந்து திறந்து படித்துக்கொண்டிருந்தது என் நிரல்.