ஜப்பான் லென்ஸ்: தபாலில் வரட்டுமா, கூரியரில் வரட்டுமா?

பழைய கேமரா லென்ஸ்களை ஜப்பானிலிருந்து வரவழைக்கும் பைத்தியம் பிடித்துவிட்டால், அவை இந்தியாவுக்குள் வர இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஈ.எம்.எஸ். என்ற அரசுத் தபால். மற்றது தனியார் கூரியர். இரண்டிலும் வாங்கிப் பார்த்துவிட்டு நான் கூரியர் பக்கம் சாய்ந்துவிட்டேன்.

இரண்டும் விமானத்தில்தான் வருகின்றன. தபால் பெரும்பாலும் மலிவு. கூரியர் பெரும்பாலும் வேகம். இது எல்லோருக்கும் தெரிந்த கதை. என் முடிவுக்குக் காரணம் வேறு. பெட்டிக்குள் இருப்பதைச் சுங்க அதிகாரி வேறு எதுவோ என்று நினைத்துவிட்டால், 'ஐயா, அது அதுவல்ல' என்று அவரிடம் எடுத்துச் சொல்ல யார் இருக்கிறார்கள்?

அப்படி நினைக்க அவருக்கு நியாயமான காரணங்கள் நிறையவே உண்டு. என் நண்பர் ஒருவர் கேனான் 24-105 லென்ஸ் வடிவில் செய்த காபிக் குவளை ஒன்றைத் தபாலில் வரவழைத்தார். சிவப்பு வளையம் வரை அசலை உரித்து வைத்திருந்தது. விற்றவர் சுங்கப் படிவத்தில் 'லென்ஸ்' என்று மட்டும் எழுதி, குவளையின் சொற்ப விலையைக் குறித்திருந்தார். இவ்வளவு பெரிய லென்ஸ் இந்த விலைக்கா என்று எந்த அதிகாரிக்கும் சந்தேகம் வரும். அவர் லென்ஸுக்குரிய மதிப்பைப் போட்டுவிட்டார். தபால்காரர் கொண்டுவந்த சீட்டிலிருந்த வரி, குவளையின் விலையைப்போலப் பல மடங்கு. நண்பர் வாங்க மறுத்தார். குவளை காபியையே பார்க்காமல் ஊர் திரும்பியது.

தபாலின் சிக்கல் இதுதான். நமக்குத் தெரியாமலேயே மதிப்பீடு முடிந்துவிடுகிறது. சில நேரங்களில் ரசீது கேட்டுக் கடிதம் வரும். நாம் பதில் அனுப்பும்வரை பார்சல் அங்கேயே கிடக்கும். மறுமதிப்பீடு கேட்கலாம்தான். ஆனால் வாசலில் தபால்காரரை நிற்கவைத்துக்கொண்டு யார் மனு எழுதுவது?

விற்பவரின் அன்பு இன்னொரு தொல்லை. நான் வாங்கிய சூப்பர் டாக்குமார் 50 மி.மீ. லென்ஸ், தோரியம் கலந்த கண்ணாடி கொண்ட பழைய வகை. லேசான கதிரியக்கம் உண்டு. அதைப் பற்றிக் கேட்டால் சொல்ல ஒரு விளக்கவுரையே தயாராக வைத்திருந்தேன்; யாரும் கேட்கவில்லை. பார்சல் நின்றது, எனக்கு உதவுவதாக நினைத்து விற்றவர் படிவத்தில் 'பரிசு' என்ற கட்டத்தில் குறியிட்டிருந்ததால். 2019 டிசம்பர் முதல், தபாலிலோ கூரியரிலோ பரிசு என்று சொல்லி வரியில்லாமல் பொருள் கொண்டுவர முடியாது. உயிர்காக்கும் மருந்துக்கும் ராக்கிக்கும் மட்டுமே விலக்கு. லென்ஸைச் சுற்றி ஒரு ராக்கியைக் கட்டி அனுப்பச் சொல்லலாமே என்றால், ராக்கியோடு வரும் பரிசுக்கு விலக்கில்லை என்று அந்த விதியே முந்திக்கொள்கிறது!

இதே மாதிரிக் குழப்பம் கூரியரிலும் வரும். கேமராவை ஆடாமல் பிடிக்கும் கிம்பல் ஒன்றை வரவழைத்தபோது, அதைத் தயாரித்த நிறுவனம் ட்ரோன்களுக்குப் பெயர்போனது என்பதால் சந்தேகம் எழுந்தது. 2022 பிப்ரவரியிலிருந்து வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்குத் தடை இருக்கிறது. ஆகவே சந்தேகத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கூரியர் ஊழியர் தொலைபேசியில் அழைத்தார். 'சார், இது பறக்குமா?' என்று கேட்டார். பறக்காது, கையில்தான் பிடிக்க வேண்டும் என்றேன். படத்தையும் ரசீதையும் மின்னஞ்சலில் அனுப்பினேன். வரி போடுவதற்கு முன்பே விஷயம் தீர்ந்தது. எனக்கு அந்த ஒரு அழைப்பே போதும்.

அதற்கு விலை உண்டு என்பதையும் மறைக்கக் கூடாது. ஆதார், பான் என்று அடையாளச் சான்றுகள் கேட்பார்கள். வரியோடு தங்கள் சேவைக் கட்டணத்தையும் சேர்ப்பார்கள். பொருளின் விலையோடு அனுப்பும் செலவையும் காப்பீட்டையும் கூட்டித்தான் வரி கணக்கிடப்படுகிறது என்பதால், கூரியரின் கூடுதல் கட்டணத்துக்கும் சேர்த்து வரி கட்டுகிறோம். ஃபில்டர், லென்ஸ் மூடி போன்ற சில்லறைச் சாமான்களுக்கு இது கட்டுப்படியாகாது. அவற்றுக்கு நான் இன்னும் தபாலையே நம்புகிறேன். லட்சங்களில் விலை போகும் கேமராவை இரண்டு வழியிலும் வரவழைத்ததில்லை. ஆகவே என் பேச்சைப் பழைய லென்ஸ் அளவிலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

எந்த வழியானாலும், பணம் கட்டும் முன் விற்பவருக்கு ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள்: படிவத்தில் 'விற்பனைப் பொருள்' என்ற கட்டத்தில் குறியிடவும், 'பயன்படுத்திய கேமரா லென்ஸ், 50 மி.மீ.' என்று முழுதாக எழுதவும். உண்மை விலையையே போடவும். விலையைக் குறைத்துக் காட்டுவது சட்டப்படி குற்றம். வழியில் பெட்டி தொலைந்தால் இழப்பீடும் அந்தப் பொய் விலைக்குத்தான் கிடைக்கும். ஜப்பானிய விற்பனையாளர்கள் மறுப்பதில்லை. சிலர் நன்றி சொல்லி, பெட்டிக்குள் காகிதக் கொக்கு ஒன்றையும் மடித்து வைக்கிறார்கள். அதைப் படிவத்தில் எழுத வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடுங்கள். 'பறவை' என்று எழுதிவிட்டால் அதற்கு வேறு துறை இருக்கிறது.