காரைக்குடி வெயிலில் பிஎல்டிசி ஃபேன்: மோட்டார் பாஸ், போர்டு?

எங்கள் சொந்தக்காரர்கள் வாட்ஸாப் குழுவில் "பிஎல்டிசி ஃபேன் வாங்கலாமா, உண்மையிலேயே கரண்ட் மிச்சமாகுதா" என்று யாராவது ஒருவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், நானும் ஒவ்வொருவருக்கும் தட்டச்சு செய்து அலுத்துவிட்டேன், அதனால் மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன். எங்கள் வீடு காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிற பழைய வீடு. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று நீளமாகப் போகும். மாடியில் மட்டும் பிற்காலத்தில் கட்டிய கான்கிரீட் அறை ஒன்று உண்டு. மொத்தம் நாலு பிஎல்டிசி ஃபேன், அதாவது பிரஷ் இல்லாத டிசி மோட்டாரில் ஓடுகிற ஃபேன், போட்டிருக்கிறோம். கம்பெனி பெயரைப் போடப் போவதில்லை. சில குறைகளைச் சொல்லப் போகிறேன், அப்புறம் இது ஒரு கம்பெனிக்கு மட்டும் உரிய சங்கதியும் இல்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். சாதாரண 1200 மில்லிமீட்டர் ஃபேன் முழு வேகத்தில் சுமார் 75 வாட் இழுக்கும். பிஎல்டிசி 28லிருந்து 35 வாட்டுக்குள் அதே அளவு காற்றைத் தருகிறது. வித்தியாசம் 45 வாட் என்று வைத்து, நாளைக்கு 15 மணி நேரம் ஓடுவதாகக் கணக்குப் போட்டால், இரண்டு மாத பில்லில் ஒரு ஃபேனுக்கு 40 யூனிட் குறையும், நாலு ஃபேனுக்கு 160 யூனிட். வெறும் 160 யூனிட்டின் விலையாக இதைப் பார்க்கக் கூடாது. தமிழ்நாட்டு வீட்டுக் கட்டணத்தில் 500 யூனிட் ஒரு எல்லைக்கோடு, அதைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் இல்லாமல் கீழ் அடுக்குகளின் விலையும் சேர்ந்து மாறிவிடும். கோடையில் 550, 600 என்று வந்துகொண்டிருந்த வீடு 500க்குள் இறங்கினால்தான் பில்லில் நிஜமான குறைவு தெரியும். எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது. ஏற்கெனவே 250 யூனிட்டுக்குள் இருப்பவர்கள் இவ்வளவு எதிர்பார்க்க வேண்டாம்.

ஏன் இவ்வளவு குறைவாக இழுக்கிறது என்றால், பழைய ஃபேனில் இருப்பது இண்டக்‌ஷன் மோட்டார். சுழலும் பாகத்தில் காந்தம் கிடையாது. வெளிச்சுருளிலிருந்து தூண்டி, அதற்குள் மின்சாரம் ஓடவைத்துத்தான் காந்தமாக்க வேண்டும், அந்த மின்சாரத்தில் ஒரு பங்கு வெறும் சூடாகப் போகிறது. பழைய ஃபேனை அணைத்ததும் மோட்டாரைத் தொட்டுப் பாருங்கள், கையைச் சுடும். பிஎல்டிசியில் சுழலும் பாகத்தில் நிரந்தரக் காந்தமே ஒட்டியிருக்கிறது, அதைக் காந்தமாக்க மின்சாரம் வேண்டியதில்லை. 2025 ஏப்ரலில், சக்திவாய்ந்த காந்தங்கள் செய்யப் பயன்படும் சில அருமண் தனிமங்களுக்குச் சீனா ஏற்றுமதிக் கட்டுப்பாடு போட்டபோது "ஃபேன் விலையும் ஏறிடும், இப்பவே வாங்கிப் போடு" என்று கடைக்காரர் ஒருவர் அவசரப்படுத்தினார். நம்பாதீர்கள். அந்தக் கட்டுப்பாடு கார் மோட்டார்க்காரர்களைத்தான் படுத்தியது. சீலிங் ஃபேன்களில் பெரும்பாலும் இருப்பது ஃபெரைட் காந்தம், அது இரும்பு ஆக்ஸைடில் செய்வது.

மின்கட்டணத்தைவிட எனக்குப் பிடித்த விஷயம் வோல்டேஜ். கோடையில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் எங்கள் பக்கம் வோல்டேஜ் இறங்கும்போது பழைய ஃபேன் மூச்சுவாங்குகிற மாதிரி சுற்றும், றெக்கையை எண்ணிவிடலாம். பிஎல்டிசிக்குள் இருக்கிற எலக்ட்ரானிக் போர்டு, வருகிற ஏசியை முதலில் டிசியாக்கிவிட்டு, தானே வேகத்தைத் தீர்மானிப்பதால் 150 வோல்ட்டுக்கு இறங்கினாலும் அதே வேகம். இன்வெர்ட்டரிலும் இதே லாபம்தான். பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், கரண்ட் போனதும் ஃபேன் "ம்ம்ம்" என்று முனகும். இது முனகுவதில்லை. நாலு ஃபேன் சேர்ந்து 120 வாட்தான் என்பதால் பேட்டரியும் நீண்ட நேரம் தாங்குகிறது.

சரி, நம்ம வீடுகளுக்கென்று தனிப் பிரச்சினைகள் சில இருக்கின்றன. பட்டாசாலை என்கிற பெரிய கூடத்தின் கூரை உயரத்துக்கு, ஃபேனோடு வருகிற ஒரு அடி ராடு எதற்கும் ஆகாது. றெக்கை தரையிலிருந்து எட்டு, ஒன்பது அடியில் இருந்தால்தான் காற்று உடம்பில் படும், அதனால் நீள ராடு தனியாக வாங்க வேண்டும், உள்ளே வயரையும் நீட்ட வேண்டும். ஒரு கம்பெனி ராடு இன்னொரு கம்பெனி ஃபேனில் உட்காராது, பின் துளை மாறும், ஃபேன் வாங்கும் கடையிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள். அடுத்தது ரிமோட். விலை குறைந்தவற்றில் இருப்பது இன்ஃப்ராரெட், டிவி ரிமோட் மாதிரியே நேராகக் காட்டினால்தான் வேலை செய்யும். ஒரே கூடத்தில் ஒரே மாடல் இரண்டு மாட்டினால் ஒரு ரிமோட்டுக்கு இரண்டும் கீழ்ப்படியும், ஒன்றை அணைக்கப் போய் இன்னொன்றும் நிற்கும். கல்யாண வீட்டுக் கூட்டத்தில் இதைப் பார்க்க வேடிக்கையாக இருந்தது, அப்பத்தாவுக்கு மட்டும் கோபம். ரேடியோ அலையிலோ ப்ளூடூத்திலோ வேலை செய்கிற ரிமோட் என்றால் ஒவ்வொரு ஃபேனையும் தனித்தனியாக இணைத்துக்கொள்ளலாம், பெரிய கூடத்துக்கு அதுதான் சரி. பழைய சுவர் ரெகுலேட்டரை எடுத்துவிட்டு நேரே இணைக்கச் சொல்லி எலக்ட்ரீசியனிடம் வற்புறுத்துங்கள். அதை அப்படியே விட்டு மாட்டினால் போர்டுக்குக் கேடு.

இப்போது போர்டுக்கு வருகிறேன். எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

ஐப்பசி இடிமழை ஒன்றில் மாடி அறை ஃபேன் நின்றுவிட்டது. கம்பெனி சேவைக்குப் புகார் கொடுத்து, மதுரையிலிருந்து ஆள் வருவார் வருவார் என்று காத்திருந்து, வந்தவர் பார்த்துவிட்டு "வாரண்டி முடிஞ்சிருச்சு சார், இந்த மாடலுக்கு போர்டு தனியா வராது, மோட்டாரோட மாத்தணும்" என்றார். புது ஃபேன் விலையில் முக்கால்வாசி கேட்டார்கள். நான் வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். அழகப்பா அரசு பொறியியல் கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் படிக்கிற தங்கச்சி மகன் லீவுக்கு வந்திருந்தான், ஃபேனைக் கழற்றித் திண்ணையில் பரப்பிவிட்டான். "மாமா, மோட்டார்ல ஒண்ணுமே இல்ல. மூணு சுருளும் ஒரே ரெசிஸ்டன்ஸ் காட்டுது. செத்தது இது" என்று போர்டின் ஓரத்தில் கருகிப் பிளந்த ஒரு சின்ன வட்டைக் காட்டினான்.

அதன் பெயர் எம்ஓவி. சாதாரண வோல்டேஜில் வாசல் திண்ணையில் தூங்குகிற காவல்காரர் மாதிரி சும்மா கிடக்கும், இடி மின்னலில் வோல்டேஜ் துள்ளும்போது மட்டும் விழித்துக்கொண்டு அதைத் தன் மேல் வாங்கிக்கொள்ளும். வட்டின் விட்டம் பெரிதாக இருந்தால் தாங்கும் சக்தியும் அதிகம். எங்களுடையதில் இருந்தது 7 மில்லிமீட்டர். 14 மில்லிமீட்டர் போட்டிருந்தால் கம்பெனிக்குச் சில ரூபாய்தான் கூடுதல் செலவு, ஆனால் இடி விழுகிற ஊரில் அந்தச் சில ரூபாய்தான் எல்லாம். விளம்பரத்தில் "சர்ஜ் ப்ரொடெக்‌ஷன்" என்று போட்டிருந்தால் எத்தனை கிலோவோல்ட் என்று கேளுங்கள், எண் சொல்லாதவர்களைச் சந்தேகியுங்கள்.

அடுத்து அவன் காட்டியது மின்பகுளி மின்தேக்கி, கடைக்காரர்கள் கண்டென்சர் என்று சொல்வது. இதன் ஆயுள் சூட்டைப் பொறுத்தது. 105 டிகிரியில் 2,000 மணி நேரம் என்று மேலே அச்சிட்டிருந்தால், ஒவ்வொரு 10 டிகிரி குறையும்போதும் ஆயுள் இரண்டு மடங்காகும் என்பது இந்தத் துறையில் எல்லோரும் போடுகிற கணக்கு. போர்டு 65 டிகிரியில் இருந்தால் 32,000 மணி நேரம், நாளைக்கு 15 மணி நேரம் ஓட்டினால் ஆறு வருஷம்கூட வராது. அதே இடத்தில் 5,000 மணி நேர மின்தேக்கி போட்டால் 14 வருஷத்துக்கு மேல் போகும். ஓட்டுக் கூரையும் தேக்கு உத்திரமும் உள்ள கீழ்க்கட்டில் தொங்குகிற ஃபேனும், வெயிலில் காய்ந்த கான்கிரீட் தளத்தை ஒட்டித் தொங்குகிற மாடி ஃபேனும் ஒரே மாடலாக இருந்தாலும் ஒரே ஆயுள் வராது. ஐயா காலத்து ஃபேனில் இருந்தது 2.5 மைக்ரோஃபேரட் கண்டென்சர் ஒன்றுதான், போனால் காரைக்குடி கல்லுக்கட்டிக் கடையில் வாங்கி நாமே மாற்றிவிடலாம். இப்போது அதே இடத்தில் ஏசியை டிசியாக்கும் ஒரு முழுச் சுற்று, ஆறு எலக்ட்ரானிக் சுவிட்ச், மைக்ரோகண்ட்ரோலர் என்கிற குட்டிக் கணினிச் சில்லு எல்லாம் உட்கார்ந்திருக்கின்றன.

சில கம்பெனிகள் போர்டின் மேல் கறுப்புப் பிசினை ஊற்றி மூடிவிடுகிறார்கள். ஈரம், தூசி, பல்லி, எறும்பு எதுவும் அண்டாது, சூடும் கொஞ்சம் பரவும், நல்ல யோசனைதான். ஆனால் ஒரு பத்து ரூபாய்ச் சாமான் போனாலும் யாராலும் தொட முடியாது, முழுப் போர்டும் குப்பை. என்னைக் கேட்டால், உதிரிப் போர்டு தனியாகக் கிடைக்கும் என்றால் பிசின் இருக்கட்டும், கிடைக்காது என்றால் பிசின் ஊற்றிய ஃபேனை வாங்காதீர்கள். எங்களுடையதில் பிசின் இல்லை, மருமகன் எம்ஓவியையும் ஃபியூஸையும் மாற்றிச் சரிசெய்தான், செலவு ஒரு சினிமா டிக்கெட் அளவுகூட இல்லை.

வரப்போகிற போர்டுகள் எப்படி என்று அவனையே கேட்டேன். இப்போது சந்தையில் இரண்டு ஜாதி இருக்கிறதாம். ஒன்று, 230 வோல்ட்டை 24 வோல்ட் டிசியாக இறக்கி ஓட்டுவது. இன்னொன்று, ஏசியை இறக்காமல் அப்படியே டிசியாக்கினால் வருகிற சுமார் 325 வோல்ட்டில் நேரே ஓட்டுவது. இரண்டாவதில் ஒரு படி மாற்றம் மிச்சம், ஆனால் அவ்வளவு வோல்ட்டைத் தாங்குகிற சுவிட்சுகள் வேண்டும். அங்கேதான் காலியம் நைட்ரைடு வருகிறது, வழக்கமான சிலிக்கானுக்குப் பதிலாகப் போடுகிற குறைகடத்தி அது. எலக்ட்ரானை விடுவித்து ஓடவைக்கத் தேவையான ஆற்றல் இடைவெளி சிலிக்கானுக்கு 1.1 எலக்ட்ரான்வோல்ட், இதற்கு 3.4, அதனால் அதிக வோல்ட்டைத் தாங்கும், வேகமாகத் திறந்து மூடும், திறந்து மூடுவதில் வீணாவதும் குறைவு. அமெரிக்கச் சில்லுக் கம்பெனி டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் 2024 ஜூனில் டிஆர்வி7308 என்று ஒரு மாட்யூலை அறிவித்தார்கள், 650 வோல்ட் காலியம் நைட்ரைடு சுவிட்ச் ஆறும் அவற்றை இயக்கும் சுற்றும் 12க்கு 12 மில்லிமீட்டர் சில்லுக்குள் அடக்கம், 250 வாட் வரை மோட்டார் ஓட்டும், மோட்டாருக்கு மின்சாரத்தை மாற்றித் தருவதில் செயல்திறன் 99 சதவீதத்துக்கு மேல் என்கிறார்கள். 30 வாட் ஃபேனுக்கு இது எதற்கு, மிச்சமாவது ஒரு வாட்டோ ஒன்றரை வாட்டோதானே என்று கேட்டேன். பில்லுக்கு ஒன்றுமில்லைதான், ஆனால் காற்றுப் புகாத கிண்ணத்துக்குள் அந்த ஒன்றரை வாட் சூடு குறைந்தால் பக்கத்தில் இருக்கிற மின்தேக்கி பிழைக்கும் என்றான். அது நியாயம். இப்போதைக்கு நம்ம ஊர் 3,000 ரூபாய் ஃபேனில் அதையெல்லாம் எதிர்பார்க்காதீர்கள்.

பூட்டிக் கிடக்கும் வீடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம்ம பக்கம் பாதி வீடுகள் கல்யாணத்துக்கும் முன்னோருக்குச் செய்கிற படைப்புக்கும் மட்டும்தான் திறக்கின்றன. ரிமோட்டில் அணைத்தால் ஃபேன் நிற்கும், போர்டு நிற்காது, அது மின்சாரத்தில்தான் இருக்கும். ஆளில்லாத வீட்டில் விழுகிற இடி அந்தப் போர்டுக்குத்தான். சென்னைக்குக் கிளம்பும்போது மெயினை இறக்கிவிடுங்கள். அதே சமயம், வருஷக்கணக்கில் மின்சாரமே காட்டாமல் விட்டாலும் மின்தேக்கியின் உள்படலம் கெடும், எனவே வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் அவ்வப்போது ஒரு மணி நேரம் ஓட்டச் சொல்லுங்கள். வருஷத்தில் பத்து நாள் திறக்கிற வீட்டுக்கு நான் பிஎல்டிசியே சொல்லமாட்டேன். மிச்சம் பிடிக்க அங்கே கரண்டே செலவாவதில்லை, பழைய ஃபேனே போதும்.

தினமும் ஆள் புழங்குகிற வீடு, 500 யூனிட்டைத் தொடுகிற பில், இன்வெர்ட்டர் உள்ள வீடு என்றால் யோசிக்காமல் வாங்குங்கள். 2023 ஜனவரியிலிருந்து சீலிங் ஃபேனுக்கு நட்சத்திர முத்திரை கட்டாயம் என்பதால் ஐந்து நட்சத்திரமா என்று மட்டும் பார்த்துவிட்டு எடுத்துவருகிறார்கள். அது ஒரு வாட்டுக்கு எவ்வளவு காற்று என்பதைத்தான் சொல்லும், போர்டைப் பற்றி ஒன்றும் சொல்லாது. கடையில் நின்றுகொண்டே கேட்க வேண்டியது, போர்டு தனியாகக் கிடைக்குமா, என்ன விலை, கூரையை ஒட்டிய மேல் கப்பில் இருக்கிறதா மோட்டாருக்குள் இருக்கிறதா. மேல் கப்பில் இருந்தால் உள்ளூர் எலக்ட்ரீசியனே ஏணி போட்டு மாற்றிவிடுவார். அடுத்து முகப்புக்கு வாங்கியதை நான் அப்படிப் பார்த்துத்தான் எடுத்தேன், 3,400 ரூபாய், உதிரிப் போர்டு 800 என்று பில்லிலேயே எழுதி வாங்கினேன். ஐந்தடி ராடுக்குத் தனியாக 450 கேட்டார்கள், அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொண்டு போங்கள்.