பிரெஞ்சு பேசுற பிள்ளைங்களுக்கு இங்கிலீஷ் பழமொழி கார்டு பாக்ஸ்: வாங்கலாமா?

செப்டம்பர்ல ஸ்கூல் திறக்கிற நேரம் வந்துட்டா பாரிஸ் சான் மிஷெல் பக்கம் புத்தகக்கடைங்கள்ல இந்த மாதிரி பெட்டிங்க அடுக்கடுக்கா வந்து உக்காந்துடும். அதுல ஒண்ணுதான் இது, பிரெஞ்சு பேசுறவங்க இங்கிலீஷ் பழமொழி கத்துக்கிறதுக்கான கார்டு பாக்ஸ், மொத்தம் நூறு கார்டு, விலை 15 யூரோவுக்குக் கொஞ்சம் கம்மி. பதிப்பகத்து பேரை நான் சொல்லல, இதே அமைப்புல வேற ஆளுங்களும் போடுறாங்க, எதை வாங்கினாலும் கீழ சொல்றதை வெச்சு புரட்டிப் பாத்து வாங்குங்க.

நான் பாரிஸ் புறநகர் சேன் சான் தெனி பக்கம் நம்மாளுங்க பிள்ளைங்களுக்கு இங்கிலீஷ் டியூஷன் எடுக்கிறேன். பாண்டிச்சேரி குடும்பமும் உண்டு, ஈழத்துக் குடும்பமும் உண்டு, பிள்ளைங்க எல்லாம் இங்கயே பொறந்து கொலேழ்ல, அதாவது நடுநிலைப் பள்ளியில, படிக்கிறதுங்க. வீட்ல அம்மா அப்பா தமிழ்ல பேசுவாங்க, பதில் பிரெஞ்சுல வரும், இங்கிலீஷ் அதுக்கப்புறம்தான். இந்த மாதிரி பிள்ளைங்க கைல இந்த கார்டு எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சவரைக்கும் எழுதுறேன்.

கார்டோட முன்பக்கம் இங்கிலீஷ் பழமொழியும் ஒரு படமும். பின்பக்கம் முதல்ல வார்த்தைக்கு வார்த்தை பிரெஞ்சு, அதுக்குக் கீழ அர்த்தம், அப்புறம் அதே கருத்துக்கு பிரெஞ்சுக்காரங்க என்ன சொல்வாங்கன்னு, கடைசியா ரெண்டு பேர் பேசிக்கிற மாதிரி ஒரு சின்ன உதாரணம். மூலையில ஒரு கலர் புள்ளி. பச்சைன்னா ரெண்டு பாஷையிலும் படமும் ஒண்ணு அர்த்தமும் ஒண்ணு, ஆரஞ்சுன்னா அர்த்தம் ஒண்ணு படம் வேற, சிவப்புன்னா பாக்க ஒரே மாதிரி இருக்கும் ஆனா அர்த்தம் கொஞ்சம் நகரும். இந்த புள்ளிக்காகவே இந்த பாக்ஸுக்கு காசு குடுக்கலாம்னு நான் சொல்வேன், ஏன்னா பழமொழி புத்தகம்னு வர்றதுல பெரும்பாலும் நடுவுல ஒரு சமக்குறி போட்டு ரெண்டு பக்கமும் ரெண்டு வாக்கியத்தை வெச்சுட்டுப் போயிடுறாங்க, பிள்ளையும் எல்லாமே சரிசமம்னு நம்பிடுது.

பச்சை கார்டுங்க சீக்கிரம் முடிஞ்சிடும். முட்டை உடைக்காம ஆம்லெட் இல்ல, நெருப்பில்லாம புகை இல்ல, இரும்பு சூடா இருக்கும்போதே அடி, ரோம் ஒரே நாள்ல கட்டினதில்ல, இதெல்லாம் பிள்ளைங்களுக்கு பிரெஞ்சுலயே தெரியும், கார்டைத் திருப்பினதும் "ஆ, இதுவா" ம்பாங்க, அவ்வளவுதான். ரோம் கார்டுல மட்டும் ஒரு நல்ல குறிப்பு இருக்கு, இந்த பழமொழி பழைய பிரெஞ்சுல 12ஆம் நூற்றாண்டுலயே இருக்காம், இங்கிலீஷ்ல 1546ல ஜான் ஹேவுட் தொகுத்த பழமொழிகள்ல வருது. எது எங்கேர்ந்து எங்க போச்சுன்னு ஒரு வரியில சொல்லியிருக்கிறது எனக்குப் பிடிச்சது, இன்னும் நாலஞ்சு கார்டுல இப்படி போட்டிருக்கலாம்.

ஆரஞ்சுதான் இந்த பெட்டியோட உயிர். 'டோன்ட் கவுன்ட் யுவர் சிக்கன்ஸ் பிஃபோர் தே ஹேட்ச்', முட்டை பொரியறதுக்கு முன்னாடி குஞ்சை எண்ணாதேன்னு இங்கிலீஷ். பிரெஞ்சுல அதுக்கு கரடியைக் கொல்றதுக்கு முன்னாடி அதோட தோலை விக்காதேன்னு சொல்வாங்க. படம் வேற, ஆனா ஆள் அவசரப்பட்டு கனவு காண்றது ஒண்ணுதான். அந்தக் கரடி பிரெஞ்சுக் கவிஞர் லா ஃபோன்தேன் கதையில வர்ற கரடி, 1668ல வந்த முதல் தொகுப்புலயே இருக்கு, இங்க சின்ன கிளாஸ்லயே அவர் கதைப்பாட்டுங்களை மனப்பாடம் பண்ண வெச்சுடுவாங்க, அதனால கார்டோட அடியில 'லா ஃபோன்தேன்'னு பேரைப் பாத்ததுமே பிள்ளைங்க கதையைச் சொல்ல ஆரம்பிச்சிடுறாங்க, அதுக்கப்புறம் கோழிக்குஞ்சு தானா மனசுல ஒட்டிக்குது. முயலும் ஆமையும் அதே மாதிரி. 'ஸ்லோ அண்ட் ஸ்டெடி வின்ஸ் த ரேஸ்'னு இங்கிலீஷ் சொல்லும், ஆனா லா ஃபோன்தேன் ஓடி பிரயோஜனம் இல்ல, நேரத்துக்குக் கிளம்பணும்னு சொல்வார். ஒண்ணு விடாம போறதைப் பத்தி, இன்னொண்ணு சரியான நேரத்துல கிளம்புறதைப் பத்தி. என்னைக் கேட்டா இந்த கார்டுக்கு சிவப்பு புள்ளி போட்டிருக்கணும்.

லா ஃபோன்தேன் பத்தி இன்னொண்ணு, 1678ல வந்த ரெண்டாவது தொகுப்பு முன்னுரையில இந்தக் கதைங்கள்ல பெரும்பகுதி இந்திய ஞானி பில்பேகிட்டேர்ந்து வந்ததுன்னு அவரே நன்றியோட எழுதியிருக்கார், அதாவது நம்ம பஞ்சதந்திரம் வழி. கார்டுல இது இல்ல. ஆனா நான் இதை ஒவ்வொரு பிள்ளைகிட்டயும் சொல்றேன், கேட்டதும் அதுங்க முகம் மாறுறதைப் பாக்கணும்.

'ஒன்ஸ் பிட்டன் ட்வைஸ் ஷை' கார்டும் அருமை. இங்கிலீஷ்ல யார் கடிச்சாங்க யார் கடிபட்டாங்கன்னே இல்ல, நாலே வார்த்தை. பிரெஞ்சுல சுடுதண்ணி பட்ட பூனை பச்சத்தண்ணிக்கும் பயப்படும்னு முழு காட்சியே வந்துடுது. சூடு கண்ட பூனை அடுப்பண்டை சேராதுன்னு பாட்டி சொல்றதை வீட்ல கேட்ட பிள்ளை ஒண்ணு இருந்துது, பிரெஞ்சு பூனையும் தமிழ் பூனையும் ஒரே பூனைன்னு அதுக்கு அவ்வளவு சந்தோஷம். அதே மாதிரி கிஃப்ட் குதிரையோட வாயைப் பாக்காதேங்கிறது இங்கிலீஷ், பிரெஞ்சுல குதிரையோட பல்லு, நமக்கு தானம் கொடுத்த மாடு. வீட்ல தமிழ் இருக்கிறவங்க மூணாவது பழமொழியையும் பென்சில்ல கார்டோட ஓரத்துல எழுதி வைங்க, அதுக்கு இடம் தாராளமா இருக்கு.

ஒரு கார்டைக் கொஞ்சம் பக்கத்துல வெச்சுப் பாக்கலாம். 'லெட் ஸ்லீப்பிங் டாக்ஸ் லை'. கத்ரியேம் (கொலேழ்ல மூணாவது வருஷம்) படிக்கிற ஒரு பையன் இதைப் படிச்சுட்டு "அக்கா, நாய் தூங்கிட்டே எப்படி பொய் சொல்லும்?"னு கேட்டான். நியாயமான கேள்வி, லைன்னா அவனுக்கு கிளாஸ்ல முதல்ல வந்த அர்த்தம் பொய்தான். திருப்பினா இந்த இடத்துல லைங்கிறது படுத்திருக்கிறதுன்னு அழுத்தமான எழுத்துல போட்டு, வார்த்தைக்கு வார்த்தை பிரெஞ்சும் குடுத்து, கீழ பிரெஞ்சுல நாய்க்குப் பதிலா தூங்குற பூனையை எழுப்பாதேன்னு சொல்வாங்கன்னும் இருக்கு. பிள்ளை எங்க தடுக்கி விழும்னு தெரிஞ்ச ஒருத்தர் எழுதின கார்டு இது.

ஆனா அந்த கவனம் எல்லா கார்டுலயும் இல்ல, அதுதான் வருத்தம். 'வேர் தேர்ஸ் எ வில் தேர்ஸ் எ வே'ன்னு இருக்கிறதுல பிள்ளைங்க எல்லாருமே வில்லை எதிர்காலம் காட்டுற வில்லுன்னுதான் எடுத்துக்குதுங்க, அங்க வில்லுன்னா மனவுறுதின்னு ஒரு வார்த்தை கூட கார்டுல இல்ல, நேரா 'வுலுவார் செ புவார்'னு (மனசு வெச்சா முடியும்னு அர்த்தம்) பிரெஞ்சைக் குடுத்துட்டு விட்டுட்டாங்க. 'இட் நெவர் ரெயின்ஸ் பட் இட் போர்ஸ்'லயும் அதே கதை, கஷ்டம் தனியா வராதுங்கிற பிரெஞ்சு பழமொழி கீழ இருக்கு, சரி, ஆனா நடுவுல நிக்கிற பட் ஏன் 'ஆனா' இல்லன்னு யார் சொல்றது? பெஞ்சா கொட்டாம பெய்யாதுன்னு நான் தமிழ்ல சொல்லித்தான் புரிய வெச்சேன். 'ப்ரூஃப் ஆஃப் த புட்டிங்' கார்டுல இதைவிட மோசம், ப்ரூஃபுக்கு பிரெஞ்சுல 'ப்ரெவ்'னு போட்டிருக்காங்க, அதாவது சாட்சியம். அந்தப் பழமொழியில ப்ரூஃப்னா சோதிச்சுப் பாக்கிறது, சாப்பிட்டுப் பாத்தாத்தான் புட்டிங் எப்படின்னு தெரியும், அவ்வளவுதான் விஷயம். ஒரே எழுத்து மாதிரி தெரியிற வார்த்தைங்கதான் பிரெஞ்சு பேசுறவங்களுக்குப் பெரிய பள்ளம், அந்த இடத்துலயே கை விடக்கூடாது.

சிவப்பு கார்டுங்க கம்மிதான், ஆனா நான் அதிகமா எடுக்கிறது அதுங்களைத்தான். 'சேரிட்டி பிகின்ஸ் அட் ஹோம்' தர்மம் வீட்டுலேர்ந்து தொடங்கும்னு சொல்லுது, பிரெஞ்சுல அதையே தன்கிட்டேர்ந்து தொடங்கும்னு சொல்வாங்க, பேச்சுல அது சுயநலத்தைச் சாக்கு சொல்ற மாதிரி கூட வரும். 'அவுட் ஆஃப் சைட் அவுட் ஆஃப் மைண்ட்' நினைப்பைப் பத்தினது, கண்ணுல படாம வெச்ச பொருளை மறந்துட்டதுக்கும் இங்கிலீஷ்காரங்க சொல்லலாம், பிரெஞ்சுல கண்ணுக்குத் தூரம் மனசுக்குத் தூரம்னு பாசத்தைப் பத்தித்தான் வரும். உருள்ற கல்லுல பாசி சேராதுங்கிறது பிரெஞ்சுல கண்டிப்பு, ஒரு இடத்துல நிக்காதவன் ஒண்ணும் சேக்கமாட்டான்னு, இங்கிலீஷ்ல சிலர் அதையே பாராட்டாவும் சொல்றாங்க, ஓடிக்கிட்டே இருந்தா பாசி பிடிக்காதுன்னு. இதை மூணு வரியில தெளிவா எழுதியிருக்காங்க.

இப்போ பெரிய குறை. பின்பக்கத்துல இருக்கிற பேச்சு உதாரணத்துல எல்லாரும் பழமொழியை முழுசா, முற்றுப்புள்ளி வரைக்கும் சொல்றாங்க. நிஜத்துல இங்கிலீஷ் பேசுறவங்க பாதிதான் சொல்வாங்க, 'வென் இன் ரோம்'னு (ரோம்ல இருந்தா ரோமானியர் மாதிரி நடந்துக்கோ) நிறுத்திடுவாங்க, 'டூ மெனி குக்ஸ்'னு (சமையல்காரங்க அதிகமானா குழம்பு கெடும்) இழுத்துட்டு சிரிப்பாங்க, 'பேர்ட்ஸ் ஆஃப் எ ஃபெதர்'னு (ஒரே இனப் பறவைங்க ஒண்ணா சேரும்) ஒரு பார்வை பாப்பாங்க. மீதி கேக்கிறவன் மனசுல ஓடணும். அந்தப் பாதியைக் கேட்டு முழுசைப் பிடிக்கிறதுதான் பிள்ளைக்குத் தேவையான திறமை, அதுக்கு இந்த பெட்டியில ஒரு பயிற்சியும் இல்ல. பிரெஞ்சுலயும் இப்படித்தான், பேசிக்கிட்டிருக்கிற ஆளே வந்து நின்னா ஓநாயைப் பத்திப் பேசினான்னு ஆரம்பிச்சு விட்டுடுவாங்க, வால் தெரியும்ங்கிற மீதியை யாரும் சொல்றதில்ல, அதைக் காட்டியே 'ஸ்பீக் ஆஃப் த டெவில்' சொல்லிக் குடுத்திருக்கலாம். முழுசா கத்துக்கிட்ட பிள்ளை என்ன பண்ணுதுன்னா பரீட்சை கட்டுரையில பாராவுக்கு ஒரு பழமொழி திணிக்குது, படிக்கிற டீச்சருக்கு அது செயற்கையா தெரியாம இருக்குமா.

க்யூஆர் கோட் அடிச்சா வர்ற ஆடியோவும் ஏமாத்தம்தான். மெஷின் குரல், எல்லா வார்த்தையும் ஒரே உயரம். இங்கிலீஷ் பழமொழிக்கு தாளம் உண்டு, 'எ ஃப்ரெண்ட் இன் நீட் இஸ் எ ஃப்ரெண்ட் இன்டீட்', நீட்லயும் டீட்லயும் அடி விழுந்தாத்தான் எதுகை கேக்கும். பிரெஞ்சுல அழுத்தம் கடைசி அசையில போயி விழும், அந்தப் பழக்கத்தோட வர்ற பிள்ளைக்கு இந்தத் தாளத்தைக் கேக்க வெக்கிறதுக்கு நல்ல மனுஷக் குரல் வேணும். 'ஹோம் இஸ் வேர் த ஹார்ட் இஸ்'னு சொல்ல வெச்சா ஹ எல்லாம் காணாமப் போயி ஆர்ட்னு வருது, பாட்டு மாதிரி கைதட்டி சொல்ல வெச்சா மெதுவா சரியாகுது.

'ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' (மழை கொட்டுதுன்னு அர்த்தம்) கார்டைத் தூக்கி ஓரமா வைங்க. முதல்ல அது பழமொழியே இல்ல, வெறும் சொலவடை. அதைவிட அதுக்குப் போட்டிருக்கிற கதை, கூரையில படுத்திருந்த பூனை நாயெல்லாம் மழையில வழுக்கி விழுமாம். இது இமெயில்ல சுத்தின கட்டுக்கதை, அந்த சொலவடை எங்கேர்ந்து வந்ததுன்னு உறுதியா யாராலயும் சொல்ல முடியாது. 1738ல எழுத்தாளர் ஜொனாதன் ஸ்விஃப்ட் எழுத்துல இந்த சொலவடை வருது, அதை மட்டும் போட்டிருந்தா போதும். பிள்ளைங்க கைல குடுக்கிற பொருள்ல தப்பை வரலாறுன்னு அச்சடிக்கிறது எனக்குக் கோபம் வருது.

சிஸியேம் (கொலேழ் முதல் வருஷம்) பிள்ளைக்கு இது வேணாம், வாக்கியமே இன்னும் கூடி வந்திருக்காது. கத்ரியேம், த்ருவாஸியேம் (கொலேழ் கடைசி வருஷம்), லிசே (மேல்நிலைப் பள்ளி) ஆரம்பம், இவங்களுக்கு தாராளமா வாங்கலாம். பெரியவங்களுக்கும் ஆகும், ருவாஸி ஏர்போர்ட்ல வேலை பாக்கிற ஒரு அம்மா என்கிட்டேர்ந்து ஆரஞ்சு கார்டுங்களை மட்டும் இரவல் வாங்கிட்டுப் போனாங்க, திருப்பிக் குடுக்கும்போது தனக்குன்னு ஒரு பாக்ஸ் வாங்கிட்டதா சொன்னாங்க. ஒரு தடவைக்கு அஞ்சாறு கார்டுக்கு மேல எடுக்காதீங்க, பச்சையில ரெண்டு ஆரஞ்சுல மூணு சிவப்புல ஒண்ணுன்னு கலந்து எடுங்க, முன்பக்கத்தோட பின்பாதியை விரலால மூடி பாதியை மட்டும் காட்டி மீதியைச் சொல்லச் சொல்லுங்க, பெட்டியில இல்லாத பயிற்சியை அப்படி நாமளே சேத்துக்கலாம். அட்டை நல்ல தடிமன், மடங்கல. பெட்டி மூடிதான் ஓரத்துல சீக்கிரமே கிழியுது, வாங்கின கையோட ஒரு செலோடேப் ஒட்டிடுங்க.